பட்டறிவு எட்டும் தூரம்: கம்பம் பள்ளத்தாக்கில் கார் உரிமையாளர்களின் வண்டிப் பேச்சு

களமும் கேள்வியும்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டி அமைந்த பேரூராட்சி பண்ணைப்புரம். இசையமைப்பாளர் இளையராஜா பிறந்த ஊர் என்று தமிழகம் முழுவதும் அறியப்படும் இவ்வூர், போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம், கோம்பை வழியாக உத்தமபாளையம் செல்லும் சாலையில் உள்ளது. அந்தச் சாலை, வடக்கே போடியில், கொச்சியையும் மூணாற்றையும் தேனி, மதுரையோடு இணைக்கும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சேர்கிறது. தெற்கே உத்தமபாளையத்தில், தேனியிலிருந்து கம்பம், குமுளி வழியாகக் கேரளத்துக்குள் நுழையும் 183ஆம் எண் நெடுஞ்சாலையில் சேர்கிறது. அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்ட மதுரை ரயில், 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் திரும்பி வந்துவிட்டது என்றாலும், போடிக்குத் தெற்கே கம்பம் பள்ளத்தாக்கின் எந்த ஊருக்கும் ரயில் கிடையாது. எனவே மருத்துவம், கல்லூரி, சந்தை, திருமணம், தோட்டம் என்று எதற்குப் புறப்பட்டாலும் இம்மக்களுக்குச் சாலை ஒன்றே வழி.

பள்ளத்தாக்கின் பொருளாதாரமும் மலைக்கு மேலும் கீழுமாகவே இயங்குகிறது. 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் வழியே வந்து கீழே நெல்லும் வாழையும் திராட்சையும் விளையச் செய்கிறது. மேலே, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களில் பள்ளத்தாக்கு மக்களின் உழைப்பும் முதலீடும் பெருமளவில் கலந்திருக்கின்றன. தோட்டத்தில் விளைந்த ஏலக்காய் போடியிலும், இடுக்கியின் புத்தடியிலும் ஏலம் விடப்படுகிறது. இதனால் இங்கு ஒருவர் வாங்கும் கார், ஒரே நாளில் வயல்வெளிச் சாலையையும் கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டு மாநிலங்களின் விதிகளையும் சந்திக்க வேண்டியதாகிறது. தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டுக்கு நேர்ச்சாலை வேண்டும் என்ற பல பத்தாண்டுக் கோரிக்கை நிறைவேறாத நிலையில், பண்ணைப்புரத்துக்காரர் மலையேற வேண்டுமானால் வடக்கே போடிமெட்டுக்கோ தெற்கே கம்பம்மெட்டு, குமுளிக்கோ சுற்றித்தான் போக வேண்டும்.

இத்தகைய நிலப்பகுதியில் கார் வைத்திருப்போர் தேநீர்க் கடையிலும், ஒர்க்‌ஷாப்பிலும், பஞ்சர் கடையிலும், வாடகைக் கார் ஸ்டாண்டிலும் ஓயாமல் பேசிக்கொள்ளும் பேச்சை, பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. எந்த வண்டி மலையில் இழுக்கும், எந்த பெட்ரோலில் மைலேஜ் குறைகிறது, இறக்கத்தில் எந்த கியரில் வர வேண்டும், பழைய வண்டியில் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பன போன்ற கேள்விகளுக்கு நிறுவனத்தின் கையேடு பொதுவான விடையையே தருகிறது. இந்த மலைக்கும் இந்தச் சாலைக்கும் பொருந்தும் விடை பேச்சில்தான் உருவாகிறது. அந்தப் பேச்சைப் பட்டறிவின் ஒரு வடிவமாகக் கொண்டு, அதன் கூற்றுகளை இயற்பியலோடும் சட்டத்தோடும் ஒப்பிட்டு, அது எங்கே சரியாக வழிகாட்டுகிறது, எங்கே தடுமாறுகிறது, ஏன் அவ்வாறு ஆகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தவறு உடனுக்குடன் தெரிந்துவிடும் விஷயங்களில் இந்தப் பட்டறிவு மிகக் கூர்மையாக இருக்கிறது. தவறின் விளைவு அரிதாகவும், ஆனால் மீள முடியாததாகவும் வரும் விஷயங்களில் அதே பட்டறிவு மனிதரைத் தவறாகப் பழக்கிவிடுகிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

மைலேஜ் கணக்கு

வண்டிப் பேச்சில் முதலிடம் மைலேஜுக்குத்தான். ஒரு லிட்டர் எரிபொருளில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்ற இந்தக் கணக்கில், விளம்பரத்தில் வரும் எண்ணுக்கும் கையில் கிடைக்கும் எண்ணுக்கும் உள்ள இடைவெளி பலரையும் ஏமாற்றமடையச் செய்கிறது. விளம்பர எண், ஏ.ஆர்.ஏ.ஐ. எனப்படும் இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற சோதனை நிறுவனங்களின் கூடத்தில், சக்கரங்களை உருளைகளின்மேல் நிறுத்திச் சுமார் 20 நிமிடம் ஓட்டிப் பெறப்படுவது; அந்தச் சோதனையில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், ஏற்றம் என்பதே இல்லை, ஏ.சி.யும் ஓடாது. ஒரே அளவுகோலால் பல கார்களை ஒப்பிட அந்த எண் பயன்படுமே தவிர, போடிமெட்டு ஏற்றத்தில் என்ன கிடைக்கும் என்பதை அது சொல்லாது.

மலையேற்றத்தின் செலவை எளிய கணக்கால் அறியலாம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார், போடியிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும்போது சுமார் 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறது. அந்த எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 1 கோடியே 18 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள சுமார் 3 கோடியே 20 லட்சம் ஜூலில் கால் பங்கையே எஞ்சின் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கிறது என்று கொண்டால், சாலையில் வழக்கமாக ஆகும் செலவுக்கு மேல் கூடுதலாக ஒன்றரை லிட்டர் தேவைப்படும். சமவெளியில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி, ஏறக்குறைய 25 கிலோமீட்டர் நீளும் இந்த ஏற்றத்தில் ஒன்பதுக்குக் கீழே இறங்கிவிடுவதில் வியப்பேதும் இல்லை. ஆனால் திரும்பி இறங்கும்போது எஞ்சின் பெரும்பாலும் எரிபொருளைக் கேட்பதே இல்லை என்பதால், போக்கு, வரவு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி மீண்டும் சமவெளிக் கணக்குக்கு அருகில் வந்துவிடுகிறது. டாங்கை நிரப்பி, மலையேறி இறங்கி வந்து, அதே பங்கில் மறுபடி நிரப்பிப் பார்த்தால்தான் உண்மையான மைலேஜ் தெரியும் என்று அனுபவமுள்ளோர் சொல்வது இந்த அடிப்படையில் முற்றிலும் சரியானது.

மேலே போகப் போக வண்டி இழுக்கவில்லை என்ற குறையும் அடிக்கடி கேட்கப்படுவதே. போடிமெட்டு உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ, அதாவது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் சுழலி, இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குக் குறைவான காற்றையே உறிஞ்சுகிறது, அதனால் அதே அளவுக்கு வலுவையும் இழக்கிறது. நான்கு பேரோடும் சுமையோடும் மலையேறுவோருக்குச் சிறிய எஞ்சின் ஒத்துவராது என்று ஸ்டாண்டில் சொல்லப்படும் அறிவுரைக்கு இதுவே அறிவியல் காரணம்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின், டீசல் வண்டிக்காரர்களின் பேச்சில் டி.பி.எஃப். என்ற புதிய சொல் நுழைந்தது. புகையில் உள்ள கரியைப் பிடித்துவைத்து, எஞ்சின் போதிய சூட்டில் நெடுநேரம் ஓடும்போது அதை எரித்துவிடும் வடிகட்டி இது. பண்ணைப்புரத்திலிருந்து தேவாரம், கோம்பை என்று சிறு தூரமே தினமும் ஓடும் வண்டியில் எரிப்பதற்கு வாய்ப்பு அமையாமல் கரி அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரிகிறது. அவ்வப்போது நெடுஞ்சாலையில் அரை மணி நேரமாவது ஒரே சீராக ஓட்டிவிட்டு வர வேண்டும் என்று உரிமையாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் தீர்வும், கையேடுகள் சொல்லும் தீர்வும் ஒன்றே. ஓரிரு ஆண்டுகளுக்குள் புதிய தொழில்நுட்பம் ஒன்றின் இயல்பைப் பேச்சு சரியாகக் கற்றுக்கொண்டது என்றால், தவறு செய்தவரின் கண்முன் விளக்கு உடனே எரிந்ததும், செலவு உடனே வந்ததும்தான் காரணம்.

இறக்கத்தின் வெப்பம்

கம்பம் பள்ளத்தாக்கின் ஓட்டுநர் மரபு தந்த மிகச் சிறந்த பாடம், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது. இந்த மரபு கார்களுக்கு முன்பே ஜீப்புகளோடு தொடங்கியது. தோட்டத்துக்கு ஆட்களையும் அரிசி மூட்டைகளையும் உரத்தையும் ஏற்றிக்கொண்டு, சாலை என்று சொல்ல முடியாத தடங்களில் ஏறி இறங்கிய ஜீப் ஓட்டுநர்கள், பிரேக்கை நம்பி மலையிறங்கக் கூடாது என்பதைத் தங்கள் சீடர்களுக்கு முதல் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஓட்டுநர்களிடம் கற்றவர்களே இன்று வீடுகளில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

இந்தப் பாடத்தின் ஆழத்தை முன்சொன்ன கணக்கே காட்டும். ஏறும்போது பெட்ரோலைக் கொடுத்துச் சேர்த்த 1 கோடியே 18 லட்சம் ஜூல், இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். டயரின் உருளல் தடையும் எதிர்க்காற்றும் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள, மீதி முழுவதும் எஞ்சினாலோ பிரேக்காலோ வெப்பமாக மாற்றப்பட வேண்டும். மொத்த ஆற்றலும் வெப்பமானால், 40 லிட்டர் தண்ணீரைச் சாதாரணச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். கீழ் கியரில் இறங்கும்போது சக்கரமே எஞ்சினைச் சுழற்றுகிறது. சுழலும் எஞ்சினின் உள்தடை வண்டியை இழுத்துப் பிடிப்பதால், வெப்பத்தின் பெரும்பகுதி எஞ்சின், ரேடியேட்டர் வழியாக வெளியேறிவிடுகிறது. மேல் கியரிலோ நியூட்ரலிலோ இறங்கினால் அந்தச் சுமை அனைத்தும் கையகல பிரேக் பேடுகளின்மேல் விழுகிறது.

அளவுக்கு மீறிச் சூடேறிய பேடு பிடிப்பை இழக்கிறது. பள்ளத்தாக்கில் பிரேக் ஆயில் என்று வழங்கும் பிரேக் திரவத்துக்கும் ஆபத்து வருகிறது. கிளைக்கால் வகையைச் சேர்ந்த இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட்-4 என்று குறிக்கப்படும் தரத்துக்கு, புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் தரவிதி கேட்கும் அளவு 155 டிகிரிதான். நெடிய இறக்கத்தில் திரவம் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், ஆவி எளிதில் சுருங்கும் என்பதால், மிதித்த அழுத்தம் சக்கரத்தைச் சென்றடையாமல் பெடல் உள்ளே போய்விடுகிறது. திடீரென்று பிரேக் பிடிக்கவில்லை என்று விபத்துக்குப்பின் சொல்லப்படும் நிகழ்வுகளில் இத்தகையவையும் உண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் திரவத்தை மாற்றும் சிறு செலவு, மலையோர வண்டிக்கு எஞ்சின் ஆயில் மாற்றுவதைவிடக் குறைந்த முக்கியத்துவம் உடையதல்ல. ஆனால் எஞ்சின் ஆயிலைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் உரிமையாளர்கள் பிரேக் திரவத்தின் வயதைப் பற்றிப் பேசுவது அரிது. ஆயில் கெட்டால் எஞ்சின் சத்தம் காட்டிவிடுகிறது. பிரேக் திரவம் கெட்டிருப்பதோ, அது கைவிடும் நாள்வரை, சமவெளியில் ஓடுபவருக்குத் தெரிவதே இல்லை.

கார்த்திகை தொடங்கித் தை வரை சபரிமலைப் பருவத்தில் இந்த வேறுபாடு சாலையிலேயே தெரிகிறது. ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் பெருகும் நாட்களில், கம்பம்மெட்டு வழியாக ஏறிக் குமுளி வழியாக இறங்கும் ஒருவழிப் போக்குவரத்து ஏற்பாடு நடைமுறைப்படுத்தப்படுவதுண்டு. சமவெளி மாவட்டங்களிலிருந்து இரவெல்லாம் ஓட்டிவருவோருக்குக் கீழ் கியரில் இறங்கும் பழக்கமும், குறுகிய இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்ற மலைச்சாலை விதியும் புதியவை. உள்ளூர் ஓட்டுநரின் அறிவு எவ்வளவு பெரிய பொதுச்சொத்து என்பதை அந்த வாரங்களில் பிரேக் புகைய ஓரங்கட்டி நிற்கும் வண்டிகளே காட்டிவிடுகின்றன.

பழைய எஞ்சினின் பாடமும் புதிய பெட்ரோலின் அச்சமும்

பட்டறிவு தான் பிறந்த காலத்தின் கருவியோடு கட்டுண்டது. கருவி மாறிய பின்னும் பாடம் மாறாமல் நின்றுவிடுவதுண்டு. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்ற நம்பிக்கை அதற்குத் தெளிவான சான்று. அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய நாட்களில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர், கியரில் இறங்கும்போது வேகமாகச் சுழலும் எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தொடர்ந்து விட்டுக்கொண்டே இருந்தது. ஆகையால் நியூட்ரலில் சிறு மிச்சம் இருந்தது உண்மையே. இன்றைய எஞ்சினில் பெட்ரோலைப் பீய்ச்சுவது கணினி. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கியரில் இறங்கும்போது, சக்கரமே எஞ்சினைச் சுழற்றுகிறது என்பதை உணர்ந்து கணினி பெட்ரோலை முற்றிலும் நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் விட்டாலோ, எஞ்சின் நின்றுவிடாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகிக்கொண்டே இருக்கும். மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்ரலில் இறங்குபவர் பெட்ரோலையும் கூடுதலாகச் செலவிட்டு, பாதுகாப்பையும் இழக்கிறார். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவதோ மிகக் கொடிய பிழை. எஞ்சின் நின்றதும் பிரேக்குக்கு வலுவூட்டும் வெற்றிட அமைப்பு ஓரிரு மிதிகளில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கனத்துப் போகும்.

எத்தனால் பற்றிய பேச்சு இதற்கு நேர்மாறான இயல்புடையது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் 2023இல் அறிமுகமாகி, 2025இல் நாடெங்கும் பரவியபின், மைலேஜ் குறைந்தது, ரப்பர் குழாய் கெட்டது, டாங்கில் தண்ணீர் சேர்ந்தது என்று பல புகார்கள் ஒன்றாகக் கலந்து பேசப்படுகின்றன. இவற்றைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். எத்தனாலின் ஆற்றல், அதே அளவு பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கே என்பதால், மைலேஜ் சற்றுக் குறைவது இயற்பியல் விதி. 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே, பழைய வடிவமைப்பில் 10 விழுக்காட்டுக் கலப்புக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 விழுக்காடு வரையும், புதிய கலப்புக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட வண்டிகளில் 1 முதல் 2 விழுக்காடு வரையும் குறையலாம் என்று மதிப்பிட்டது. 18 கொடுத்த வண்டி 17க்குச் சற்றுக் கீழே வரலாம். 12க்கு இறங்கினால் அதற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது, அது டயர் காற்றாகவோ, பிரேக் ஒட்டுதலாகவோ, கிளட்ச் தேய்மானமாகவோ இருக்கக்கூடும். பழைய வண்டியின் ரப்பர் பாகங்கள் குறித்த அச்சத்துக்கும், மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் டாங்கில் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் என்ற அச்சத்துக்கும் அடிப்படை உண்டு. எல்லாப் பழுதையும் எத்தனாலின் மேல் ஏற்றிவிடுவதில் உள்ள தீங்கு, உண்மையான பழுது கவனிக்கப்படாமல் போவதுதான்.

காகிதங்களும் கைமாறும் வண்டிகளும்

எல்லையோரப் பள்ளத்தாக்கில் விலையும் வரியும் அன்றாடப் பேச்சின் பகுதி. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு பெட்ரோல் மீதான வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்ததும், 2023 ஏப்ரலில் கேரளம் சமூகப் பாதுகாப்புக் கூடுதல் வரியாக 2 ரூபாய் விதித்ததும் இரண்டு பக்க விலைக்கும் இடையிலான தூரத்தைக் கூட்டின. மலையிலிருந்து இறங்கும் கேரள வண்டிகள் கீழேயே டாங்கை நிரப்பிக்கொள்வதில் பொருளாதார நியாயம் உண்டு. பழைய கார்ச் சந்தையிலும், தேனியின் டி.என்.60 எண்ணோடு, இடுக்கியின் கே.எல்.6, வண்டிப்பெரியாற்றின் கே.எல்.37, உடும்பன்சோலையின் கே.எல்.69 எண்கள் கலந்தே நிற்கின்றன. வேறு மாநிலப் பதிவு வண்டியை வாங்குவோர், பழைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று, இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி, மறுபதிவு ஆகிய மூன்றையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டால்தான் மலிவு உண்மையில் மலிவா என்பது விளங்கும்.

பழைய வண்டியை ஆராய்வதில் பள்ளத்தாக்கின் கண் தேர்ந்த கண். மலையில் ஆண்டுக்கணக்கில் ஓடிய வண்டியின் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேய்ந்திருக்கும், பனியிலும் மழையிலும் நின்ற வண்டியின் அடிப்பாகம் துருவேறியிருக்கும், மீட்டர் காட்டும் கிலோமீட்டரைவிட பெடல் ரப்பரின் தேய்மானம் உண்மை பேசும் என்பனவெல்லாம் இங்கு எல்லோரும் அறிந்தவை. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கிலக்க எண்ணையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள், பள்ளம் ஆழமாக இருந்தாலும் வயதேறிய ரப்பர் இறுகிப் போயிருக்கும்.

இரும்பைப் பார்ப்பதில் உள்ள இந்தக் கூர்மை காகிதத்தைப் பார்ப்பதில் இல்லை. வண்டியை விற்றுப் பணத்தை வாங்கியதோடு பொறுப்பு முடிந்தது என்று எண்ணி, உரிமை மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்திட்டுப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடுவோர் பலர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று நவீன்குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டி நான்கு கை மாறியிருந்தாலும், பெயர் மாற்றப்படவில்லை என்றால் முதலில் விற்றவரே நீதிமன்றத்தில் நிற்க வேண்டிவரும்.

காப்பீட்டிலும் இதே குறை. ஃபுல் இன்ஷூரன்ஸ் என்று பேச்சில் வழங்குவது, பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் கட்டாயக் காப்பீட்டோடு சொந்த வண்டியின் சேதத்துக்கான விருப்பக் காப்பீட்டையும் சேர்த்துக் குறிப்பது. முழுச் செலவையும் நிறுவனம் தரும் என்பது அதன் பொருளல்ல. தேய்மானக் கழிவு இல்லாத கூடுதல் ஏற்பாட்டுக்குத் தனியாகப் பணம் கட்டாதவரை, ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் பாதியை உரிமையாளரே ஏற்க வேண்டும். கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும், 20இல் தொடங்கி 50 விழுக்காடு வரை உயரும் தள்ளுபடி உரிமையாளருக்கு உரியது, வண்டிக்கு உரியதல்ல. வண்டியை விற்பவர் அதைப் புதிய வண்டிக்குக் கொண்டுசெல்லலாம். ஓன் போர்டு எனப்படும் வெள்ளை எண்பலகைக் காரில் வாடகைக்கு ஆள் ஏற்றிச் சென்று விபத்து நேர்ந்தால், சொந்தச் சேதத்துக்கான கோரிக்கை மறுக்கப்படலாம் என்பதும், பாதிக்கப்பட்ட பயணிகளின் இழப்பீடு உரிமையாளரின் தலையில் விழக்கூடும் என்பதும் எத்தனையோ குடும்பங்களுக்குத் தெரியாது. புதிய கார்களுக்குத் தொடக்கத்திலேயே மூன்றாண்டுக் கட்டாயக் காப்பீடு வேண்டும் என்ற விதி 2018 செப்டம்பரில் வந்தது. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைத் தடுக்க வேண்டி 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின் விளைவு அது.

பின் இருக்கை

பட்டறிவு மிகவும் தவறும் இடம் காரின் பின் இருக்கை. முன் இருக்கையில் பெல்ட் போடுவோர் பெருகியிருக்கிறார்கள் என்றாலும், பின்னால் அமர்வோருக்கும் அது சட்டப்படி கட்டாயம் என்பதையும், மீறினால் 1,000 ரூபாய் அபராதம் என்பதையும் பொருட்படுத்துவோர் குறைவு. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின் இருக்கையில் பெல்ட் இன்றிப் பயணம் செய்து விபத்தில் இறந்தபோது நாடெங்கும் இது பற்றிப் பேச்சு எழுந்து, சில மாதங்களில் அடங்கியது. 2023 ஜூனில் கேரளம் சாலையோரக் கேமராக்கள் வழியே அபராதம் விதிக்கத் தொடங்கியபின், மெட்டைத் தாண்டியதும் பெல்ட் போட வேண்டும் என்ற எச்சரிக்கை பள்ளத்தாக்கின் பேச்சில் சேர்ந்துகொண்டது. உயிர் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஒன்றே என்ற எண்ணத்துக்கு இடமில்லாமல், பெல்ட் என்பது கேமராவுக்குச் செலுத்தும் மரியாதையாகச் சுருங்கிவிட்டது.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர் என்றும், அவர்களில் 16,715 பேர் சீட் பெல்ட் அணியாதவர்கள் என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அந்த 16,715 பேரில் 8,384 பேர் ஓட்டுநர்கள், 8,331 பேர் உடன் சென்றவர்கள். பயணிக்கு ஆபத்து குறைவு என்ற எண்ணத்தை இந்த ஏறத்தாழச் சரிபாதிக் கணக்கு தகர்க்கிறது. அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற அளவோடு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு. பள்ளத்தாக்கும் அந்த ஆண்டு டிசம்பரில் பெரும் துயரைக் கண்டது: சபரிமலை சென்றுவிட்டு ஆண்டிபட்டிப் பகுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்த பக்தர்களின் கார் குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து 8 பேர் இறந்தனர். விடியலில் ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குச் செல்லும் பெண்களை அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளும் விபத்துக்குள்ளாகி வந்திருக்கின்றன. அந்த வண்டிகளின் பின்பகுதியில் நெருக்கி அமர்ந்திருப்போருக்குப் பெல்ட் என்ற கேள்வியே எழுவதில்லை.

இவ்வளவு நுட்பமாக வண்டியை அறிந்த சமூகம் இதில் ஏன் தடுமாறுகிறது என்ற கேள்விக்கு விடை அலட்சியம் என்ற ஒற்றைச் சொல்லில் இல்லை. பட்டறிவு உருவாகும் முறையிலேயே இருக்கிறது. மேல் கியரில் இறங்கினால் அன்றைக்கே பிரேக் தீய்ந்த வாடை வருகிறது. ஹாஃப் கிளட்சில் ஏறினால் சில மாதங்களில் கிளட்ச் பிளேட் செலவு வருகிறது. இங்கெல்லாம் தவறு தன்னைத் தானே அறிவித்துத் திருத்திவிடுகிறது. பெல்ட் அணியாமல் பின்னால் அமர்ந்து ஆயிரம் முறை பயணம் செய்தவர் ஆயிரம் முறையும் நலமாக வீடு திரும்புகிறார். ஒவ்வொரு பயணமும் அது தேவையில்லை என்ற பாடத்தையே அவருக்குக் கற்பிக்கிறது. பாடத்தின் பிழை வெளிப்படும் நாளில், அதைத் திருத்திக்கொள்ள அவர் இருப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் தொல்லை தராத பெயர் மாற்றாத ஆர்.சி. எனும் பதிவுச் சான்றும், சமவெளியில் சரியாகவே பிடிக்கும் பழைய பிரேக் திரவமும் இதே வகையைச் சேர்ந்தவை. ஒருவரின் சொந்த அனுபவம் எட்டாத இத்தகைய இடங்களில், பல்லாயிரம் பேரின் அனுபவத்தைத் திரட்டித் தரும் புள்ளிவிவரமும், அதிலிருந்து பிறந்த சட்டமும்தான் பட்டறிவின் வேலையைச் செய்ய முடியும்.

மருத்துவ வசதியின் தூரமும் இந்த வாதத்தை வலுப்படுத்துகிறது. கம்பம், உத்தமபாளையம், போடி ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகள் இருந்தாலும், தலைக்காயம் போன்ற கடுமையான காயங்களுக்குப் பெரும்பாலும் ஆண்டிபட்டி அருகே க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோதான் செல்ல வேண்டும். விபத்தின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டுப் பெரும் துணையாக இருக்கிறது. ஆனால் பணத்தை ஈடுசெய்ய முடிந்த அரசால் மலைப்பாதையில் கழியும் நேரத்தை ஈடுசெய்ய முடியாது. நகரத்தில் பிழைக்கக்கூடிய காயம் மலையோரத்தில் உயிரைப் பறிக்கலாம் என்பதால், காயமே நேராமல் தடுக்கும் பெல்ட்டின் மதிப்பு இங்கு அதிகம்.

பேச்சின் பொறுப்பு

பட்டறிவை அகற்றிவிட்டு அங்கே விதிப்புத்தகத்தை வைப்பது தீர்வாகாது. மலையிறங்கும் பாடத்தை எந்த அரசாணையும் இவ்வளவு பரவலாகவும் ஆழமாகவும் மக்களிடம் கொண்டு சேர்த்திருக்காது. ஜீப் ஓட்டுநரின் சொல்லுக்கும் மெக்கானிக்கின் சொல்லுக்கும் உள்ள மதிப்புதான் அதைச் சேர்த்தது. அந்த மதிப்பையே புதிய பாடங்களுக்கும் பயன்படுத்துவது நடைமுறைக்கு ஏற்ற வழி. ஆயில் மாற்ற வரும் வண்டிக்கு பிரேக் திரவம் எந்த ஆண்டு மாற்றப்பட்டது என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்பதும், பழைய வண்டியை விற்ற மறுவாரமே பதிவேட்டில் பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் பார்த்துக்கொள்ளுமாறு புரோக்கரே சொல்வதும், வாகனப் பயிற்சிப் பள்ளிகள் இறக்கத்தில் நியூட்ரல் ஏன் கூடாது என்பதை இன்றைய எஞ்சினின் இயக்கத்தோடு விளக்குவதும் பெரிய செலவு வேண்டாதவை. பின் இருக்கைப் பெல்ட்டுக்கு இன்னும் வலுவான ஏற்பாடு தேவை. வாடகைக் கார் ஓட்டுநர்கள், பின்னால் இருப்போர் அனைவரும் பெல்ட் போட்டபின்பே வண்டியை நகர்த்துவது என்று ஸ்டாண்டுதோறும் ஒரு நடைமுறையை ஏற்படுத்திக்கொண்டால், ஒரே சபரிமலைப் பருவத்தில் அது பழக்கமாக வேரூன்றிவிடும். தோட்ட ஜீப்புகளைப் பொறுத்தவரை தனி ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆட்களை வரவழைக்கும் தோட்ட உரிமையாளர்களும் இரு மாநிலப் போக்குவரத்துத் துறைகளும் சேர்ந்து, விடியல் நேரத்தில் போதிய வண்டிகளை ஏற்பாடு செய்வதே தீர்வு.

தன் வண்டி எந்த ஏற்றத்தில் திணறும், எந்த வளைவில் எந்த கியர் வேண்டும் என்று துல்லியமாகச் சொல்லத் தெரிந்த பள்ளத்தாக்கு இது. இயந்திரத்துக்குக் காட்டும் அந்தக் கவனம் முழுவதையும் அதற்குள் அமர்ந்திருக்கும் மனிதருக்கும் காட்டும்போதுதான் பள்ளத்தாக்கின் வண்டி அறிவு நிறைவுபெறும். அதற்குத் தேவையான அறிவியலும் சட்டமும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன, அவற்றை நாள்தோறும் நடக்கும் பேச்சுக்குள் கொண்டுவருவதே எஞ்சியிருக்கும் பணி.